2024 பட்டியல்: செப்ங்கெட்டிச்சைப் பேனாவிலேயே விடுவதா, அடிப்பதா?

ரிஜிஸ்டர் மாஸ்டர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு நீள ரிஜிஸ்டர் இருக்கிறது. பள்ளியில் பந்து, வலை, இரும்புக் குண்டு இருப்பு எழுதுவோமே, அதே காலிகோ அட்டை போட்டது. 1984 முதல் வருடா வருடம் டிசம்பர் கடைசியில் உட்கார்ந்து, அந்த வருடத்தின் தலைசிறந்த பத்துத் தடகள வீராங்கனைகளை அதில் வரிசையாக எழுதுவேன். ஆண்களுக்கு நோட்டு கிடையாது. காரணம் உஷா. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா 55.42, மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண் 55.41. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்த நூறில் ஒரு பங்கு நொடி என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. நோட்டு அன்று ஆரம்பித்தது.

இப்போது சிக்கல் 2024 பக்கத்தில். அன்று நான் பேனாவில் எழுதியது இது. முதலிடம் பியாட்ரிஸ் செபெட், இரண்டு 400 மீட்டர் தடை ஓட்டக்காரர் சிட்னி மெக்லாஃப்லின், மூன்று ஃபெய்த் கிப்யெகான், நான்கு சிஃபான் ஹசான், ஐந்து உயரம் தாண்டும் மஹுச்சிக், ஆறு ரூத் செப்ங்கெட்டிச். அப்புறம் ஜூலியன் ஆல்ஃபிரட் (100 மீட்டர்), தியாம் (ஹெப்டத்லான்), பவுலினோ (400 மீட்டர்), ஹாட்ஜ்கின்சன் (800 மீட்டர்).

அந்த ஆறாவது பெயர்தான் உறுத்துகிறது. 2024 அக்டோபர் 13, சிகாகோ மாரத்தானில் 2:09:56. 2:10க்குக் கீழே ஓடிய முதல் பெண். முந்தைய உலக சாதனை 2:11:53, அதுவே ஒரு வருடம் முன்புதான் பெர்லினில் எத்தியோப்பியாவின் அசெஃபா வைத்தது. ஒரே காலையில் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டி எடுத்தார். சரி, அபாரம் என்று எழுதிவிட்டேன். 2025 மார்ச் 14 அன்று எடுத்த மாதிரியில் ஹைட்ரோகுளோரோதையாசைட் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து கண்டுபிடிக்கப்பட்டு, அக்டோபரில் மூன்று வருடத் தடை வந்தது. ஆனால் அந்த மார்ச் 14க்கு முந்தைய முடிவுகள் எதுவும் ரத்தாகவில்லை. சிகாகோ சாதனை அப்படியே நிற்கிறது.

இனி நான் என்ன செய்ய? பேனாவில் எழுதியதை அடிக்கவா, விடவா?

இன்னொன்றும் இருக்கிறது. உலகத் தடகள சம்மேளனம் 2024ன் சிறந்த வீராங்கனை விருதை ஹசானுக்குக் கொடுத்தது. என் நோட்டில் அவர் நாலாவது. பழைய மாணவன் ஒருவன் போன் போட்டு, 'சார், உலகமே ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கமா?' என்று சிரிக்கிறான்.

என் விதி எளிது. வருடத்தின் பெரிய மேடையில் என்ன ஜெயித்தாள் என்பது முதலில். நேருக்கு நேர் யாரை ஜெயித்தாள் என்பது அடுத்து. நேரம், தூரம், உயரம் எல்லாம் கடைசியில். இது நான் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவின் டிராக் அண்ட் ஃபீல்ட் நியூஸ் பத்திரிகை 1947 முதல் போடும் தரவரிசைக்கும் ஏறக்குறைய இதே மூன்று அளவுகோல்தான்.

நேரத்தை ஏன் கடைசியில் வைக்கிறேன் என்றால், நான் முப்பது வருடம் ஸ்டாப்வாட்ச் பிடித்தவன். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு மர ஸ்டாண்டு போடுவார்கள், அதில் ஒருவர் மேல் ஒருவராக ஆறு பேர் உட்காருவோம். துப்பாக்கிச் சத்தம் கேட்டு அமுக்கக் கூடாது, புகையைப் பார்த்து அமுக்க வேண்டும். 100 மீட்டர் தாண்டிச் சத்தம் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் கிளம்பியிருப்பார்கள். எதிர் வெயிலில் புகை தெரியாது. பக்கத்தில் இருப்பவர் கட்டைவிரல் அசைவதைப் பார்த்து அமுக்கியதும் உண்டு. அதனால்தான் கைக்கடிகார நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100 மீட்டருக்கு 0.24 நொடி கூட்டச் சொல்வார்கள். ஒரு மாவட்டப் போட்டியில் மூன்று வாட்ச் மூன்று நேரம் காட்டியது. ஆனால் எந்தப் பெண் முதலில் வந்தாள் என்பதில் எங்கள் ஆறு பேருக்கும் சந்தேகமே இல்லை. இன்று ஆயிரத்தில் ஒரு பங்கு வரை படம் பிடிக்கிறார்கள், தெரியும். பழக்கம் போகவில்லை.

சொல்லுங்கள்.

அரைநொடி:

மாஸ்டர், உங்கள் விதிப்படியே பார்த்தால் செபெட் முதலிடம் சரி. பாரிஸ் ஒலிம்பிக் 5000 மீட்டரில் செபெட் 14:28.56, ஹசான் 14:30.61. 10,000 மீட்டரில் செபெட் 30:43.25, ஹசான் 30:44.12. இரண்டு முறை ஒரே தடத்தில் நின்றார்கள், இரண்டிலும் செபெட் தங்கம், ஹசான் வெண்கலம். மே 25 அன்று யூஜீனில் 28:54.14 ஓடி, 10,000 மீட்டரை 29 நிமிடத்துக்குள் முடித்த முதல் பெண்ணாகவும் ஆனார். அது கென்யாவின் ஒலிம்பிக் தேர்வு ஓட்டம் என்பதை மறக்கக் கூடாது. சாதனைக்கென்று சொகுசாக அமைத்த ஓட்டம் மட்டுமல்ல, தோற்றால் பாரிஸ் டிக்கெட்டே போயிருக்கும். மார்ச்சில் பெல்கிரேடில் உலக கிராஸ் கன்ட்ரி பட்டம். நீங்கள் நோட்டை மூடிய பிறகு, டிசம்பர் 31 அன்று பார்சிலோனா சாலையில் 5 கிலோமீட்டர் 13:54. அந்த வரியைச் சேர்த்தீர்களா?

விருதைப் பற்றி ஒன்று. அதன் வாக்குக் கணக்கில் சம்மேளனக் கவுன்சிலுக்கு 50 சதவீதம், தடகளக் குடும்பம் என்று அவர்கள் அழைக்கும் கூட்டத்துக்கு 25, ரசிகர்களுக்கு 25. 2023ல் இந்தத் தலைவலியே வேண்டாமென்று தடம், களம், மைதானத்துக்கு வெளியே என்று மூன்றாகப் பிரித்து கிப்யெகான், ரோஹாஸ், அசெஃபா மூவருக்கும் கொடுத்துவிட்டார்கள். 2024ல் மறுபடி ஒருவரைத் தேர்ந்தெடுத்தபோதுதான் சண்டை திரும்பி வந்தது.

புள்ளி அட்டவணையை நம்பலாமே என்று யாராவது சொல்வார்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். உலகத் தரவரிசையில் பெரும்பாலான பிரிவுகளுக்குச் சிறந்த ஐந்து முடிவுகளின் சராசரி எடுப்பார்கள். எந்தப் போட்டி, எத்தனையாவது இடம் என்பதற்குத் தனிப் புள்ளி. நிறைய ஓடுகிறவர்களுக்குத்தான் அது சாதகம். சிட்னி மாதிரி வருடத்தில் சில போட்டிகளில் மட்டும் தடை தாண்டி, வந்த நாளெல்லாம் எல்லோரையும் பின்னால் விடுகிறவர் அதில் அடிபடுவார்.

அப்புறம், கேபி தாமஸ் எங்கே? 200 மீட்டரில் 21.83 ஓடித் தங்கம், இரண்டு ரிலேயிலும் தங்கம். அந்த 200ல் உங்கள் ஏழாம் இடத்து ஆல்ஃபிரட் 22.08 ஓடி இவருக்குப் பின்னால் வெள்ளி. நேருக்கு நேர் விதி சிலருக்கு மட்டும்தானா?

மணல்குழி:

மாஸ்டர் ஐயா, மஹுச்சிக் ஐந்தாமிடமா? நோட்டைக் கொஞ்சம் இங்கே கொடுங்கள்.

தடத்தில் ஓடுகிறவர்களைப் பார்த்தே கண் பழகிவிட்டது உங்களுக்கு. நான் உயரம் தாண்டியவள். எங்கள் பள்ளியில் மெத்தை கிடையாது, மணல் குழிதான். முதுகு கீழே வைத்து விழுந்தால் கழுத்து போய்விடும் என்பதால் கத்தரிக்கோல் தாண்டல் மட்டுமே சொல்லிக்கொடுத்தார்கள். முதல்முறை மாநிலப் போட்டிக்குப் போய் அந்தப் பெரிய நீல மெத்தையைப் பார்த்ததும், தாண்டுவதை விட்டுவிட்டுச் சும்மா விழுந்து பார்க்கலாமா என்றிருந்தது. அதனால் சொல்கிறேன், மஹுச்சிக் தாண்டிய 2.10 மீட்டர் என்பது என்னவென்று ஒரு நிமிடம் யோசியுங்கள். உங்கள் வீட்டு உள்கதவு நிலை ஏறக்குறைய அந்த உயரம்தான். அதன் மேல் விளிம்புக்கு மேலே ஒரு பெண்ணின் இடுப்பு போகிறது.

பழைய உலக சாதனை பல்கேரியாவின் கோஸ்டாடினோவாவின் 2.09, 1987 ரோம். 37 வருடம் யாரும் தொடவில்லை. ஒலிம்பிக்குக்கு முன்பு, ஜூலை 7 அன்று பாரிஸில் நடந்த வேறொரு போட்டியில் மஹுச்சிக் முதலில் 2.07ஐ இரண்டாவது முயற்சியில் தாண்டினார். அடுத்து நேராக 2.10 வைக்கச் சொன்னார். முதல் முயற்சியிலேயே தாண்டிவிட்டார். அதே மாலை, அதே மைதானத்தில்தான் கிப்யெகான் 1500ல் 3:49.04 ஓடி உலக சாதனை வைத்தார். அடுத்த நாள் பேச்சு முழுக்க யாரைப் பற்றி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

கிப்யெகான் உடைத்தது தன்னுடைய பழைய சாதனையை. மஹுச்சிக் உடைத்தது, அவர் பிறப்பதற்குப் பதினான்கு வருடத்துக்கு முன்பு எழுதி வைத்ததை. இரண்டும் ஒன்றா? ஒலிம்பிக்கில் 2.00 தாண்டித் தங்கமும் எடுத்தார். இரண்டு தாண்டலுக்கு நடுவே தூங்கும் பையை விரித்துப் படுத்துக்கொண்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதைப் பார்த்திருப்பீர்கள். மேடையில் நின்று ஆடிக் காட்டுகிறவர்களுக்கு நடுவில் அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒரு தோல்வியையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அரைநொடி தம்பி எடுத்து வைப்பார். மார்ச்சில் கிளாஸ்கோ உள்ளரங்க உலகப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் ஒலிஸ்லாகர்ஸ் 1.99, மஹுச்சிக் 1.97, வெள்ளிதான். சரி. ஆனால் பாரிஸில் அதே ஒலிஸ்லாகர்ஸும் 2.00 தாண்டி, தவறிய முயற்சிகளின் கணக்கில்தான் தோற்றார். இருவருக்கும் ஒரே உயரம், ஒரே நாள். அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் மஹுச்சிக் உங்கள் நோட்டிலேயே இருந்திருக்க மாட்டார். இப்படிப்பட்ட விளையாட்டில் ஒரு வருடத்தைத் தாங்கிப் பிடித்தவருக்கு ஐந்தாமிடம் என்பது கொஞ்சம் அநியாயம்.

காலை நாலரை:

நான் செப்ங்கெட்டிச்சுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஹசான்.

ஹசான் எடுத்த இரண்டு வெண்கலத்தையும் அரைநொடி தோல்வி மாதிரி எழுதியிருக்கிறார். நண்பரே, அந்த வாரத்தைக் கூட்டிப் பாருங்கள். 5000 தகுதிச்சுற்று, 5000 இறுதி, 10,000 இறுதி, அப்புறம் மாரத்தான். 62 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை இரவு பாரிஸ் நேரம் ஒன்பதரைக்கு 10,000 முடித்தார். ஞாயிறு காலை எட்டு மணிக்கு மாரத்தான் தொடக்கக் கோட்டில் நின்றார். முப்பத்தைந்து மணி நேரம்கூட இல்லை. அதுவும் சமதளச் சாலையா? வெர்சாய் வரை ஏறி இறங்கும் பாதை, மொத்த ஏற்றம் 436 மீட்டர்.

எனக்கு வயது நாற்பத்தொன்பது. ஒரே ஒரு மாரத்தான் முடித்திருக்கிறேன், நாலரை மணி நேரத்துக்கு மேல். 34 கிலோமீட்டருக்குப் பிறகு சாலையோரத்தில் உப்பு போட்ட எலுமிச்சைத் துண்டு கொடுத்தார்கள், அதை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வலியால் அல்ல, ஏன் என்று இன்று வரை தெரியாது. மறுநாள் வீட்டு மாடிப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்புறமாக இறங்கினேன். மூன்றாம் நாளும் அப்படித்தான். என் மகள் அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறாள். ஹசான் அந்த மூன்றாம் நாளில் இன்னொரு பதக்கம் வாங்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் பதினொன்றரை மணிக்கு ஆரம்பம். கறி அடுப்பில் இருந்தது. கடைசித் திருப்பத்தில் அசெஃபா உள்பக்கத்தை அடைக்கிறார், ஹசான் இடுக்கில் நுழைகிறார், இருவர் முழங்கையும் மோதுகிறது. அப்புறம் ஹசான் 100 மீட்டர் ஓடுகிற பெண் மாதிரி ஓடினார். 2:22:55, ஒலிம்பிக் சாதனை. அசெஃபா மூன்றே நொடி பின்னால். எத்தியோப்பியா புகார் கொடுத்தது, ஏற்கவில்லை. கறி அடிப்பிடித்துவிட்டது, அது வேறு கதை.

5000, 10,000, மாரத்தான் மூன்றிலும் ஒரே ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர் அவருக்கு முன் 1952ல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஸாடொபெக் மட்டும்தான். ஸாடொபெக் மூன்றும் தங்கம் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். செபெட்டும் கிப்யெகானும் அந்த மாரத்தானில் நிற்கவே இல்லையே. நேருக்கு நேர் விதி என்றால் நிற்காதவருக்கும் ஒரு கணக்கு வேண்டாமா?

செப்ங்கெட்டிச் விஷயத்தில் எனக்குக் கடுப்புதான். சொன்ன காரணம், வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன் என்பது. ரத்த அழுத்தத்துக்கு என் அம்மா சாப்பிடுவதும் அதே மருந்துதான், அட்டையில் பெயர் இருக்கிறது. சிறுநீர் பெருக்கி, வேறு மருந்தை மறைக்கப் பயன்படும் என்பதால்தான் தடைப்பட்டியலில் இருக்கிறது. அடித்துவிடுங்கள் மாஸ்டர், பேனாவாக இருந்தாலும்.

அரைநொடி:

அடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மாதிரி எடுத்தது 2025 மார்ச்சில், ஓட்டம் 2024 அக்டோபரில். விசாரித்தவர்களே அந்த ஓட்டத்தைத் தொடவில்லை. நாம் யார் தொட?

ஆனால் ஆறாமிடத்தைக் குறைக்க மருந்தே தேவையில்லை. சிகாகோவில் அவருக்கு முன்னால், வேகத்தைப் பிடித்துக்கொடுக்க, ஆண் பேஸ்மேக்கர்கள் ஓடினார்கள். பெண்கள் மட்டும் தனியாக ஓடும் மாரத்தானுக்கு வேறு சாதனை வைத்திருக்கிறார்கள். அதை 2024 ஏப்ரலில் லண்டனில் ஜெப்சிர்சிர் 2:16:16 என்று மாற்றினார். செப்ங்கெட்டிச் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடவே இல்லை. பெரிய மேடை முதலில் என்று விதி எழுதிய மாஸ்டர், ஒரே ஒரு காலையின் நேரத்தைப் பார்த்து ஆறாமிடம் கொடுத்தது எப்படி? கடிகாரத்தை நம்பாதவர் கடிகாரத்திடம்தான் மயங்கியிருக்கிறார்.

இன்னும் ஒன்று, கோபிக்க வேண்டாம். 1985 பக்கத்தைத் திறந்து முதல் பெயரைச் சொல்லுங்கள்.

ரிஜிஸ்டர் மாஸ்டர்:

பையன் கையை வைத்த இடத்தில் சரியாக வைத்திருக்கிறான்.

1985 பக்கத்தில் முதல் பெயர் மாரிட்டா கோச். கான்பெரா, அக்டோபர் 6, 400 மீட்டர் 47.60. நீல மை, அடிக்கோடு இரண்டு. அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். கோச் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. ஆனால் கிழக்கு ஜெர்மனியில் அரசாங்கமே மருந்து கொடுத்து ஓடவைத்தது ஆவணங்களோடு வெளியே வந்த பிறகு அந்தப் பக்கத்தை நான் அதிகம் திறப்பதில்லை. 2025 செப்டம்பரில் டோக்கியோவில் சிட்னி தடை எதுவும் இல்லாத 400ஐ 47.78ல் ஓடியபோது, திறந்தேன். 0.18 நொடி. நாற்பது வருடம் கழித்தும் 0.18.

அந்தப் பெயரை நான் அடிக்காதவன். அப்படியிருக்க செப்ங்கெட்டிச்சை மட்டும் அடிப்பது நியாயமில்லை. நேற்று இரவு இப்படிச் செய்தேன். இரண்டு பக்கத்திலும் பேனாவைத் தொடவில்லை. செப்ங்கெட்டிச் பெயருக்கு எதிரே ஓரத்தில் பென்சிலில் '14-3-2025' என்று மட்டும் எழுதினேன். கோச் பெயருக்கு எதிரே எழுதத் தேதி எதுவும் இல்லை, ஒரு கேள்விக்குறி போட்டேன். பென்சில் முனை உடைந்துவிட்டது.

ஆனால் வரிசையை மாற்றியாக வேண்டும், அரைநொடி சொன்னது உறைத்தது. அதனால் அடுத்த பக்கத்தில் புதிதாக எழுதினேன். செபெட் முதலிடத்தில் அசையவில்லை. சிட்னி இரண்டில். இதற்கு யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 30 அன்று அமெரிக்கத் தேர்வில் 50.65, ஆகஸ்ட் 8 அன்று பாரிஸில் 50.37, தன் உலக சாதனையையே ஐந்தரை வாரத்தில் இரண்டு முறை. நம் ஊரில் மணி ஒன்று. ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன், வீட்டில் எல்லோரும் தூக்கம். எட்டாவது தடைக்கு அப்புறம் நெதர்லாந்தின் ஃபெம்கே போல் பின்தங்குவது தெரிந்தது. பத்தாவதைத் தாண்டும்போது திரையில் சிட்னி பக்கத்தில் யாரும் இல்லை. உஷாவின் 55.42ஐ 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் தொட்டபோது நான் கைதட்டி அக்கம்பக்கத்தை எழுப்பியவன். அந்த 55.42க்கும் இந்த 50.37க்கும் நடுவே ஐந்து நொடி. ஐந்து நொடி என்றால் தடத்தில் கிட்டத்தட்ட நாற்பது மீட்டர். அன்று கைதட்ட வரவில்லை, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். செபெட்டுக்குக் கீழே வைத்ததற்கு ஒரே காரணம், செபெட் இரண்டு தங்கத்துக்கும் பலமான கூட்டத்தை முட்டி மோதி ஜெயிக்க வேண்டியிருந்தது. சிட்னிக்குத் தனி ஓட்டத்தில் மோத ஆளே இல்லை. அது அவர் குற்றமா என்று கேட்டால், இல்லை.

மூன்றாமிடத்தில்தான் ரொம்ப நேரம் உட்கார்ந்தேன். காலை நாலரை அவர்களே, நிற்காதவருக்கும் ஒரு கணக்கு வேண்டும் என்றீர்களே, அது நியாயம். கிப்யெகான் 5000ல் ஹசானுக்கு முன்னால் வந்தார், உண்மை. அந்த வெள்ளியைக்கூட முதலில் தள்ளுமுள்ளுக்காகப் பறித்து, ஹசானை இரண்டாவதாக ஏற்றி, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். 1500ல் தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கமும் அவருக்கு உண்டு. ஆனாலும் 62 கிலோமீட்டரை என்னால் தள்ள முடியவில்லை. ஹசான் மூன்று, கிப்யெகான் நான்கு. பழைய மாணவனுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

கேபி தாமஸ் ஆறாமிடத்துக்கு வந்துவிட்டார். விட்டது என் தவறுதான், ரிலேயைக் கணக்கில் எடுக்காத பழக்கம். ஆல்ஃபிரட் ஏழிலேயே. செயின்ட் லூசியா என்கிற அந்தச் சின்னத் தீவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் 100 மீட்டர் தங்கமாகவே வந்தது, 10.72. அதற்குக் கீழே தியாம், பவுலினோ, ஹாட்ஜ்கின்சன் பழையபடி. செப்ங்கெட்டிச் பதினொன்று. பதினொன்று என்றால் நோட்டுக்கு வெளியே. பழைய பக்கத்தில் இருக்கிறார், புதிய பக்கத்தில் இல்லை.

மணல்குழி அம்மா, மஹுச்சிக் ஐந்திலேயே இருக்கிறார். கிளாஸ்கோதான் காரணம். நிலைக்கதவை அளந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் 1.98தான்.

மணல்குழி:

அப்படியானால் அந்தக் கதவுக்கு மேலே இன்னும் 12 சென்டிமீட்டர் தள்ளிச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள் ஐயா. போட்டுவிட்டு, கீழே நின்று அண்ணாந்து பார்த்து, அப்புறம் ஐந்து என்று எழுதுங்கள்.

ரிஜிஸ்டர் மாஸ்டர்:

போட்டேன். ஸ்டூல் தேவைப்பட்டது. நோட்டை இன்னும் மூடவில்லை.